அத்தான் வாங்கிய தண்டவாளம்

எங்கள் அத்தான் யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அப்பாவிடம், "இடது பக்கம் கீழ ரெண்டு கடவாய்ப்பல் இல்ல போலிருக்கே? ஒரு பக்கமாவே மென்னா தாடை வலிக்குமே" என்றார். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். உள்ளே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிப்பட்ட ஆள்தான் அவளைக் கட்டிக்கொண்டார்.

பல் செட் செய்வது அவர் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. அதன்மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பது அத்தானின் வேலை. எல்லாப் பல்லையும் வெள்ளை வெளேரென்று வரிசையாக நட்டால் பொய்ப்பல் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் என்பார். ஒரு பல்லை மயிரிழை திருப்பி வைப்பார், இன்னொன்றைக் கொஞ்சம் மங்கலாக்குவார். கடைத்தெருவில் என்னோடு நடந்து வரும்போது திடீரென்று முழங்கையால் இடிப்பார். "அந்தம்மா சிரிக்குது பாரு, மச்சான். அது என்னுது." பெருமையடிக்க அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அவர்கள் குடியிருந்தது மேல்மாடி. பின்பக்கத்துச் சின்ன அறையைக் குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு இரண்டு முறை உண்டாயிற்று, இரண்டு முறையும் நிற்கவில்லை. இனி முயற்சி பண்ண வேண்டாம், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறை சும்மா கிடந்தது. கொஞ்ச காலம் கழித்து அத்தான் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். கல்யாணத்துக்கு முன்பு அவர் வாங்கி வைத்திருந்த பொம்மை ரயில்கள் அதில் இருந்தன. பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, "மாடல்" என்று திருத்துவார். மூன்று சுவரையும் ஒட்டிப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டார். லேபில் மிஞ்சிய பிளாஸ்டரில் மலை செய்தார். பல் செட்டின் ஈறுக்குப் போடுகிற பிசினில் ஸ்டேஷன் கூரை செய்தார்.

"ரோஸ் கலர்ல ஸ்டேஷனா? எந்த ஊர்லங்க பாத்தீங்க?" என்றாள் அக்கா.

"பெயிண்ட் அடிச்சா தெரியாது."

பெயிண்ட் அடித்த பிறகும் அது ஈறு மாதிரியேதான் இருந்தது.

அக்கா அந்த அறைக்குள் போக மாட்டாள். கூட்டுவதுகூட அத்தான்தான். போகக்கூடாது என்று அவர் சொன்னதில்லை, போக வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை. யாராவது கேட்டால், "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, பின்ரூம்ல. கூவுவா, புகை விடுவா" என்று சிரிப்பாள். அவளுக்குத் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. பகலெல்லாம் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருபவளுக்குச் சாயங்காலம் அந்த அறையிலிருந்து வருகிற ரயில் ஓசை, அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஒரு விடுமுறையில் இருவரையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தேன். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், விடுமுறை விட்டால் வண்டியும் சும்மா, நானும் சும்மா. திரும்பி வந்து கதவைத் திறந்தால் கூடமெல்லாம் ஈரம். மொட்டைமாடித் தொட்டியின் குழாய் உடைந்து, தண்ணீர் நேராகப் பின்னறைக்குள் இறங்கியிருந்தது. மலைகள் கரைந்து பிசைந்த மாவு மாதிரி உட்கார்ந்திருந்தன. பலகை ஊதிப் போயிருந்தது. இரும்புத் தண்டவாளம் முழுக்கச் செந்துரு. ரயில் பெட்டிகள் மட்டும் அட்டைப்பெட்டியில் உயரத்தில் இருந்ததால் தப்பின. அத்தான் பனியனைக் கழற்றி ஒவ்வொரு பெட்டியாகத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் எனக்கு ஃபோன் வந்தது. "மச்சான், ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது? தண்டவாளம் வாங்கணும். இந்தத் தடவை ஒழுங்கா போடப் போறேன்."

கடை ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடைக்காரர் பருத்த மனிதர், ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்வார். கண்ணாடி மேஜைமேல் இரண்டு வகைத் தண்டவாளத்தை எடுத்து வைத்தார். எனக்கே புரிகிற மாதிரிதான் சொன்னார்.

ஒன்று, ஒரு கை நீளத்துக்கு நேராக இருக்கும். கையால் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். வேண்டிய நீளத்துக்குச் சின்ன ரம்பத்தால் அறுத்து, முனையை அரத்தால் ராவி, இரண்டு துண்டையும் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பார்த்தால் நிஜத் தண்டவாளமே பக்கத்தில் நிற்க முடியாது. மற்றது, சின்னச் சின்னத் துண்டுகள். அடியில் பிளாஸ்டிக்கில் ஜல்லி மாதிரியே வார்த்திருப்பார்கள். ஒன்றோடு ஒன்றை வைத்து அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். அறுக்கவும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம். ஆனால் வளைவு அவர்கள் கொடுத்த வளைவுதான், நம் இஷ்டத்துக்கு வராது.

"நீளமான பெட்டியெல்லாம் வச்சிருக்கீங்களா சார்? அப்படின்னா பெரிய வளைவா எடுத்துக்குங்க. சின்ன வளைவுல போட்டா பெட்டி ரெண்டும் மூலையில முட்டிக்கும், கீழ விழும்."

"எல்லாம் நீளம்தான். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது" என்று சொல்லிக்கொண்டே அத்தான் முதல் வகையைக் கையில் எடுத்தார். அதிலும் கம்பி உயரம் குறைந்ததாக, இருப்பதிலேயே மெல்லிசானதாகக் கேட்டார்.

"உங்ககிட்ட இருக்கறது பழைய வண்டியாச்சே. சக்கரத்தோட ஓரத்துல கம்பிக்கு உள்பக்கமா இறங்கற உதடு பெருசா இருக்கும். இவ்ளோ மெல்லிசு கம்பில ஓடினா கம்பிக்கு அடியில இருக்கற கட்டைல இடிச்சிக்கிட்டே வரும்."

"சக்கரத்தை நான் கடைஞ்சிக்கறேன். லேப்ல மிஷின் இருக்கு."

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். அத்தான் வலது கையைப் பேன்ட் பையில் விட்டிருந்தார். பைக்குள் சாவிக்கொத்து இடைவிடாமல் கிலுகிலுத்துக்கொண்டே இருந்தது. கடைக்காரரும் பார்த்துவிட்டார். அவர் குரல் இறங்கியது.

"சார், தப்பா நினைக்காதீங்க. மாட்டற வகையே எடுத்துக்குங்களேன். கைக்கு சுளுவு. எங்கிட்ட வர்ற பெரியவங்க எல்லாம் இப்ப அதுதான்—"

"அது பொம்மை" என்றார் அத்தான். "நான் கேட்டதைக் குடுங்க."

வேனில் திரும்பி வரும்போது கேட்டேன், "கையில என்ன அத்தான்?"

"நரம்பு இழுக்குது. மெழுகு வேலை பாக்கறவனுக்கெல்லாம் வர்றதுதான்." அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுப் பலகை அடிப்பதற்கு நான் உதவினேன். அதன்மேல் ரப்பர் ஷீட் விரித்து, பென்சிலால் கோடு போட்டார். பல்லின்மேல் மயிரிழைக் கீறல் வரைகிற கை போட்ட கோடு பூரான் ஓடினாற்போல் இருந்தது. முதல் துண்டை நான் பிடித்துக்கொள்ள, அவர் ரம்பத்தை வைத்தார். ரம்பம் வழுக்கிக் கம்பியைக் கீறியது. திரும்ப வைத்தார், திரும்ப வழுக்கியது. மூன்றாவது முறை என் கட்டைவிரலில் ஏறியது.

"ரம்பம் மொண்ணை" என்றார்.

அது புத்தம்புது ரம்பம். நான் விரலைச் சப்பிக்கொண்டு, "ஆமாம் அத்தான்" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவேன். கெட்டுப்போன துண்டுகள் மூலையில் குவிந்தன. அத்தானுக்கு என்னவோ இருக்கிறது என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. துவைக்கிறவள் அவள்தானே. ஒருநாள் சமையலறையில் அவர் பேன்ட் ஒன்றை எடுத்து என் முன்னால் உதறினாள். கால் பக்கத்திலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"பிளாஸ்டர்."

"மெழுகு வேலை பாக்கறவர் பேன்ட்ல மெழுகுதானேடா இருக்கும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் மெழுகைத்தான் சுரண்டிக்கிட்டிருக்கேன். இப்ப நாலஞ்சு மாசமா வெறும் பிளாஸ்டர். பிளாஸ்டர் ஊத்தற இடத்துல கொண்டுபோய் உக்கார வச்சிருக்காங்க. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலை."

அது உண்மைதான். ஓர் அம்மாளுக்குச் செய்த பல் செட் கடிக்கவே இல்லையாம். திருப்பிச் செய்து கொடுத்ததும் கடிக்கவில்லை. அதற்குப் பிறகு லேப் முதலாளி மெழுகு மேஜையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அத்தான் நேற்றுச் சேர்ந்த பையன்களோடு நின்று பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நானும் போனேன். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுழி போட்டுக்கொண்டே வெளியே வரச் சொன்னார். அத்தான் நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து வரைந்தார். வெளியே வர வரச் சுழி சின்னதாகிக்கொண்டே போய், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிறகு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். வலது கை வீசவே இல்லை. அதை அன்றுதான் நான் பார்த்தேன்.

"மாத்திரை தர்றேன். கொஞ்ச நாளைக்குக் கட்டுப்படும்" என்றார் டாக்டர். "ஆனா இது நடுக்குவாதம், குறையற வியாதி இல்ல. கூடிக்கிட்டேதான் போகும். வீட்டுல எல்லாரும் மனசைத் தயார் பண்ணிக்கணும்."

அத்தான் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "முன்பல் ரெண்டும் கட்டினது. வேலை சுமார்" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்பட்டது. ஆனால் லேபில் ஒருநாள் பிளாஸ்டர் கிண்ணம் கைதவறி, ஒரு வாரத்து அச்சுகள் முழுக்க நாசமாயின. முதலாளி நல்ல மனிதர், கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துத்தான் இனி வர வேண்டாம் என்று சொன்னார். அத்தான் தன் மெழுகுக் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு பகலெல்லாம் பின்னறைதான். சத்தம் மட்டும் வராது. வண்டி ஓடுவதற்கு அங்கே தடம் இல்லை.

ஒரு சாயங்காலம் அக்கா வேலைவிட்டு வந்து, கைப்பையை வைத்துவிட்டு, நேராக அந்த அறைக்குள் போனாள்.

"சொல்லுங்க. நான் செய்யறேன்."

"எதை?"

"இந்தக் கம்பியைத்தான். நீங்க வாயால சொல்லுங்க, என் கை செய்யும். ஊசில நூல் கோக்கற கைதானே?"

எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அக்காவின் கை சுறுசுறுப்பான கை. இரண்டே நாளில் கம்பி அறுக்கக் கற்றுக்கொண்டாள். பற்றவைக்கும்போது மூக்கை மட்டும் சுளித்துக்கொள்வாள். நேர்த்தடம் அழகாக வந்தது.

வளைவில்தான் வந்தது வினை. அந்த வகைத் தண்டவாளத்தை வளைத்தால் உள்பக்கத்துக் கம்பி வெளியே நீட்டிக்கொள்ளும். நீட்டின அளவை மட்டும் அறுத்துவிட்டு அடுத்த துண்டோடு சேர்க்க வேண்டும். அக்கா ஒரு நூலளவு கூடுதலாக அறுத்துவிடுவாள், இடைவெளி விழும். அல்லது சேர்த்த இடம் வளையாமல் முழங்கை மாதிரி முட்டி நிற்கும். வண்டி அந்த இடத்துக்கு வந்ததும் சக்கரம் இறங்கிவிடும். பிரித்து மறுபடி செய்வாள். மறுபடி இறங்கும்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தன் கை செய்ய வேண்டியதை இன்னொரு கை தப்பாகச் செய்வதைப் பார்க்கிற கொடுமை அவருக்கு. "இழுக்காதே", "துணி இல்ல அது", "சொன்னா காதுல ஏறாதா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு பொறுமையாக இருந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அக்கா காலையிலிருந்து அந்த ஒரு வளைவையே மூன்று தடவை போட்டிருந்தாள். வண்டியை விட்டாள். நேர்த்தடத்தில் வந்தது, வளைவில் ஏறியது, சாய்ந்தது, பலகையிலிருந்து தரையில் விழுந்தது. என்ஜினின் முன்பக்கம் உடைந்தது.

"நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள் அக்கா. கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அலுப்பில் வருகிற சிரிப்பு.

அத்தான் உடைந்த என்ஜினைப் பார்த்தபடி சொன்னார். "உன்கிட்ட எதுதான் நின்னுச்சு, இது நிக்க?"

அத்தானுக்குத் தான் சொன்னது என்னவென்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், வாய் திறந்தபடியே இருந்தது. அக்கா பற்றவைக்கிற கோலை அதன் தாங்கியில் பத்திரமாக வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் சண்டை போடவில்லை. அழுதாளா என்று தெரியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், அவர் சட்டைக்குப் பித்தான் மாட்டிவிட்டாள். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. "சாப்பாடு வச்சிருக்கு", "டாக்டர் நாளைக்கு", அவ்வளவுதான். அதுவும் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அந்த அறைப் பக்கம் திரும்பவே இல்லை. நான் நடுவில் போய், "அக்கா, அவர் வியாதிக்காரர், கோவத்துல வந்துடுச்சு" என்றேன்.

"வியாதி கைக்குத்தானே? வாய்க்கு எப்ப வந்துச்சு?" என்றாள்.



மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் அத்தான் என்னைக் கூப்பிட்டார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது, ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டுதான் கேட்க முடிந்தது. "கடைக்குப் போகணும்."

மிச்சமிருந்த வளையும் தண்டவாளத்தையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் எதுவும் கேட்காமல் அதை உள்ளே வைத்துவிட்டு, மாட்டுகிற துண்டுகளை எடுத்துப் பரப்பினார். அத்தான் ரொம்ப நேரம் நின்றார். சின்ன வளைவை எடுத்துப் பார்த்தார், பெரிய வளைவை எடுத்துப் பார்த்தார். சின்ன வளைவு வாங்கினால் வீட்டில் இருக்கிற பலகைக்குள் அடங்கும், ஆனால் அவருடைய நீளப் பெட்டிகள் ஓடாது. பெரிய வளைவு வாங்கினால் பெட்டிகள் ஓடும், பலகை போதாது, மூன்று சுவர்ப் பலகையையும் பிடுங்க வேண்டும்.

"பெருசு" என்றார். "பலகை வேண்டாம். தரைல போட்டுக்கறேன்."

"தரைல தூசி சார், சக்கரத்துல முடி சுத்தும்..."

"தரைல கையை ஊணிக்கலாம்" என்றார் அத்தான். "ஊணிக்கிட்டா ஆடாது."

கடைக்காரர் இரண்டு துண்டுகளை எடுத்து, எப்படி மாட்டுவது, எப்படி முனையில் இருக்கிற இணைப்பு முள்ளை நசுக்காமல் கழற்றுவது என்று மெதுவாகச் செய்து காட்டினார்.

நான் மாட்டித் தருகிறேன் என்றதற்கு அத்தான் தலையாட்டி மறுத்துவிட்டார். மறுநாள் வேலை நாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், அக்கா தையல் கடை வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கையையும் ஊன்றி, துண்டு துண்டாக மாட்ட ஆரம்பித்திருக்கிறார். கொஞ்சம் மாட்டியும் இருக்கிறார். மாத்திரையின் வேகம் இறங்கியதும் உடம்பு கட்டையாகிப் போயிற்று. எழுந்திருக்க முடியவில்லை, புரளவும் முடியவில்லை. கூப்பிட்டால் கேட்கிற குரலும் இல்லை. அடுத்த வேளை மாத்திரை சமையலறை அலமாரியில் இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்தபோது அவர் அப்படியே கிடந்தார். கன்னத்தில் தண்டவாளத்தின் பதிவு. பேன்ட் முழுக்க ஈரம். அவளால் தனியாகத் தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் ஓடிப் போனேன். இரண்டு பேருமாகத் தூக்கிக் குளியலறையில் ஸ்டூலில் உட்கார வைத்தோம். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அக்கா வெந்நீர் ஊற்றினாள். கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்டது.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று அத்தான் ஆரம்பித்தார். நாக்கும் சரியாகப் புரளவில்லை.

"கையைத் தூக்குங்க."

"அன்னைக்கு நான்..."

"கேட்டுக்குங்க. நீங்க சொன்னதை நான் மறக்கப் போறதில்ல. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக உங்களை ஈரத்துல போட்டுட்டுப் போகவும் மாட்டேன். இது ரெண்டும் வேற வேற. போதுமா? இன்னொரு கை."

அத்தான் அழுகிற சத்தம் கேட்டது. வெந்நீர் ஊற்றுகிற சத்தம் நிற்கவில்லை.

அந்த வாரமே அக்கா கூடத்திலிருந்த சாப்பாட்டு மேஜையை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். என்னிடம் ஒரு பெரிய பலகை வாங்கி வரச் சொல்லி அதன்மேல் வைத்தாள். மாட்டுகிற துண்டுகளை அவளே மாட்டினாள். பெரிய வளைவு இரண்டு பக்கமும் பலகையின் விளிம்பு வரைக்கும் வந்தது, ஆனாலும் அடங்கியது. மலை இல்லை, ஸ்டேஷன் இல்லை, வெறும் ஒரு நீள்வட்டம். அத்தானை நாற்காலியில் உட்கார வைத்தால் மேஜை உயரத்துக்கு ரயில் நேராகக் கண்ணுக்கு எதிரே வரும். வேகம் கூட்டுகிற குமிழை அவர் கையில் கொடுத்தோம். கை ஆடின ஆட்டத்தில் வண்டி பாய்ந்து மேஜையைவிட்டு எகிறியது. அதற்குப் பிறகு குமிழை அக்கா வைத்துக்கொண்டாள். அவள் திருப்பினால் வண்டி விரட்டிக்கொண்டு ஓடும். அத்தான் விரலை மட்டும் அசைப்பார், மெதுவா என்று அர்த்தம். நாங்கள் சாப்பிட்டதெல்லாம் மடியில் தட்டு வைத்துக்கொண்டுதான்.

அந்த வகைத் தண்டவாளத்தில் ஒரு ஜாணுக்கு ஒரு இணைப்பு. சக்கரம் ஏறும்போதெல்லாம் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அது மட்டமான தடத்தின் லட்சணம் என்று சொன்னவர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார். வண்டி எந்த இடத்தில் போகிறது என்று விரலால் காட்டுவார். சரியாகக் காட்டுவார். கண்ணைத் திறந்து வைப்பதே பிறகு அவருக்குச் சிரமமாகிவிட்டது.

அக்கா அவரிடம் பேசினாள், ஆனால் பழைய மாதிரி இல்லை. சக்களத்தி ஜோக்கை மறுபடி அவள் சொல்லிக் கேட்டதில்லை. ஒருநாள் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வார்த்தை வராமல், அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி சுத்திக்கிட்டே இருக்கு, விடுங்க, நிறுத்தணும்" என்றாள்.

விழுங்குவதுதான் கடைசியில் அவரைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் புரையேறி நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். வாயில் குழாய் வைப்பதற்காக நர்ஸ் வந்து, "பல் செட் இருந்தா கழட்டிடுங்க" என்று சொன்னபோது அக்கா, "எல்லாம் அவரோட சொந்தப் பல்லு" என்றாள். அதற்கடுத்த நாள் மத்தியானம் அவர் போனார். அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் வேனை நிறுத்துவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

ரயில் கடைக்காரரிடம் சொன்னபோது வீட்டுக்கே வந்தார். பெட்டிகளையும் என்ஜின்களையும் வாங்கிக்கொண்டார். தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "பலமுறை மாட்டிக் கழட்டினது, முள்ளெல்லாம் தேஞ்சிருக்கு, யாரும் எடுக்க மாட்டாங்கம்மா" என்றார். அக்கா சரி என்றாள். பலகையை நான் எடுத்துப் போனேன், மேஜை பழைய இடத்துக்குப் போயிற்று.

"உனக்கு வருத்தமா இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கு. நல்ல மனுஷன். எனக்கு ஒரு குறையும் வச்சதில்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா அவரை நினைச்சா முதல்ல அந்த வார்த்தைதான் வருது. அப்புறம்தான் மத்ததெல்லாம் வருது. என்ன செய்ய, வரிசை அப்படி ஆயிடுச்சு."

அடுத்த மாதம் அவள் கடைக்கு ஒரு ஹோட்டலின் ஆர்டர் வந்தது. திரைச்சீலையெல்லாம் கொண்டுபோய்க் கட்டித் தர வேண்டும், வேனை எடுத்து வா என்றாள். பின் சீட்டையெல்லாம் மடக்கி, துணி மூட்டைகளை அடைத்துக்கொண்டு போனோம். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறினோம். ஒவ்வொரு அறையிலும் அவள் ஸ்டூல்மேல் ஏறி நின்று வளையங்களை மாட்ட, நான் கீழே நின்று துணியின் கனத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இழுக்காதேடா" என்றாள் மேலிருந்து. "தூக்கிப் பிடி."